ஆறு பொது, துறை யாருடையது?

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் போகும் நெடுஞ்சாலையில், சீசன் நாளொன்றின் காலையில் நின்று பார்த்தால், காற்றடித்த ரப்பர்ப் படகுகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலேறிப் போகும். சிவபுரியில் ஒரு கூட்டம் இறங்கும், மரைன் டிரைவில் இன்னொன்று, அதற்கும் மேலே கௌடியாலாவில் மற்றொன்று. சாலைக்கும் கங்கைக்கும் நடுவே சரிவு. ஆறேழு பேர் படகைத் தூக்கிக்கொண்டு கல்லும் மண்ணுமாய்ச் சறுக்கும் பாதையில் இறங்குவார்கள். படகுக்கு அடியில் தலை நுழைந்திருப்பவருக்குத் தன் கால் மட்டும்தான் தெரியும். மணலை மிதித்த பிறகுதான் நதி. அதுவரைக்கும் எல்லாம் நிலத்து விவகாரம்.

ராஃப்டிங், கயாக் பற்றி எழுதுகிறவர்கள் அந்த மணலிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். பாறை, நுரை, கவிழ்ந்த படகு, பிழைத்த கதை. எனக்கோ சாலைக்கும் மணலுக்கும் இடையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நிலத்தின் மீதுதான் கண். ஆற்றில் போக யாருக்கு உரிமை என்று பல நாடுகளில் நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டன. அந்த ஆற்றுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பது பெரும்பாலான இடங்களில் இன்னும் தீராத வழக்கு.

படகோட்டிகள் இறங்கும் இடத்தை ‘புட்-இன்’ என்றும் கரையேறும் இடத்தை ‘டேக்-அவுட்’ என்றும் சொல்வார்கள். நம்மிடம் இரண்டுக்கும் பொதுவாகத் துறை என்ற சொல் இருக்கிறது. மயிலாடுதுறை, திருவாவடுதுறை, திருப்பராய்த்துறை என்று காவிரி நாடு முழுக்க ஊர்ப்பெயராகவே நின்றுவிட்ட சொல். ஆற்றில் நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது, இறங்கத் தோதான இடம் சிலதான் என்பதை அறிந்தவர்கள் வைத்த பெயர். இந்தக் கட்டுரைக்கு இறங்குதுறை, ஏறுதுறை என்று பிரித்து வைத்துக்கொள்கிறேன்.

நல்ல துறைக்கு முதலில் வேண்டியது நீர் அடங்கி நிற்கும் ஓரம். நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்குப் பின்னால் நீரோட்டம் திரும்பி, மேல்நோக்கி மெதுவாகச் சுழலும். ‘எடி’ என்பார்கள். அதற்குள் படகை நுழைத்துவிட்டால் நிறுத்தலாம், ஏறலாம், இறங்கலாம். பிறகு படகைத் தூக்கி நடக்க ஒரு பாதை, வண்டி நிறுத்த நாலு சென்ட் இடம். இரண்டு துறைகளில் ஏறுதுறைதான் முக்கியம் என்பது என் எண்ணம். இறங்குதுறை சரியில்லை என்றால் அன்றைக்குப் பயணம் கிடையாது, அவ்வளவுதான். ஏறுதுறையைத் தவறவிட்டால் ஆறு அடுத்து வைத்திருக்கும் பள்ளத்தாக்குக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆறு ஒரு திசையில்தான் ஓடும். அதனால் வண்டியை இறங்குதுறையில் விட்டுவிட்டால் மாலையில் அது பல கிலோமீட்டர் மேலே நிற்கும். ஒகேனக்கல்லில் பரிசல்காரர் பரிசலை ஆமை ஓடுபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைமேல் நடந்து வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே வேலையை மற்ற ஆறுகளில் இரண்டு வண்டிகள் செய்கின்றன. ‘ஷட்டில்’ என்று பெயர். இரண்டு துறைகளுக்கும் சாலை, இரண்டிலும் நிறுத்த இடம் இருந்தால்தான் ஷட்டில் ஓடும். நியூசிலாந்தின் மேற்குக் கரையில் சாலையே இல்லாத மலையாறுகள் பல. அங்கே கயாக்கை ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போய் இறக்குகிறார்கள். காசிருந்தால் அப்படியும் ஒரு வழி உண்டு.

ஒரு துறை எவ்வளவு பெரிய விஷயமாக முடியும் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோ ஆற்றைச் சொல்லலாம். கிராண்ட் கேன்யன் பயணம் அரிசோனாவில் லீஸ் ஃபெர்ரி என்ற இடத்தில் தொடங்குகிறது. சுற்றுவட்டாரத்தில் ஆற்றின் இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர். இந்த இடத்தில் மட்டும் மென்மையான பாறை அடுக்குகள் வெளியே வந்து, கரை தாழ்ந்து, வண்டி ஆற்றின் விளிம்புவரை வர முடிகிறது. 1870களில் ஜான் டி. லீ என்ற மோர்மன் சமயப் பிரிவினர் இங்கே படகுத்துறை நடத்தினார். ஒரு படுகொலையில் பங்கு கொண்டதற்காகத் தேடப்பட்டவர். ஆள் அரவமற்ற இந்த மூலை அவருக்கு ஒளிவிடமாகவும் இருந்தது. 1877இல் அவரைச் சுட்டுத் தண்டனை நிறைவேற்றினார்கள். பெயர் மட்டும் துறையில் ஒட்டிக்கொண்டது. 1928இல் தோணி நின்றது, 1929இல் அருகே பாலம் வந்தது, துறை நின்றுவிடவில்லை. இன்று அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் படகில் கடக்க விரும்பும் ஒவ்வொருவரும் அந்த ஒரு சரிவில்தான் படகை நீரில் தள்ளியாக வேண்டும்.

அங்கிருந்து சுமார் 360 கிலோமீட்டர் கீழே டயமண்ட் கிரீக். இடையில் நடந்து ஏறி இறங்கும் பாதைகள் உண்டு, படகைக் கொண்டுபோகும் சாலை ஒன்றுகூடக் கிடையாது. டயமண்ட் கிரீக்கின் மண்சாலை ஹுவலபாய் பழங்குடியினரின் நிலம். சாலையைப் பயன்படுத்த அவர்கள் கட்டணம் வாங்குகிறார்கள். சாலையின் கடைசிப் பகுதி ஓடைப் படுகையோடு ஓடுவதால் திடீர் வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடி சரிசெய்ய வேண்டும். ஆள் ஒன்றுக்கு இவ்வளவா என்று முணுமுணுக்கும் படகோட்டிகள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. மூதாதையர் நிலத்தில் பெரும்பகுதியை இழந்த ஒரு மக்கள் கூட்டத்தின் கையில் மிச்சமிருக்கும் ஒரு சாலை அது.

ஒரே ஒரு வாசல் இருந்தால் வாசலில் வரிசை நிற்கும். கிராண்ட் கேன்யனில் சொந்தமாகப் படகு விட அனுமதி கேட்டவர்கள் பத்து வருடத்துக்கு மேலும் காத்திருந்த காலம் இருந்தது. 2006இல் காத்திருப்புப் பட்டியலை எடுத்துவிட்டுக் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். அண்மையில் போய்வந்தவருக்குக் குலுக்கலில் வாய்ப்புக் குறைவு. துறையின் அளவுதான் ஆற்றின் கூட்டத்தை முடிவு செய்கிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். உலகின் பல ஆறுகளில் படகுகளை எண்ணுவதைவிட வண்டி நிறுத்துமிடத்தைச் சிறிதாக வைப்பதுதான் எளிய கட்டுப்பாடு.

இனி சட்டம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நியாயம். கொலராடோ மாநிலத்தில் சிலர் பொது நிலத்திலிருந்து இறங்கி, தனியார் பண்ணை ஒன்றின் ஊடே ராஃப்டில் மிதந்து போனார்கள். பாறையில் மோதாமலிருக்க ஆங்காங்கே படுகை தொட்டது. அத்துமீறல் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போய், 1979இல் எம்மெர்ட் தீர்ப்பு வந்தது: நீர் பொதுவாக இருக்கலாம், படுகை நிலக்காரருடையது, அவர் சம்மதமில்லாமல் போனது குற்றம். 1983இல் மாநில அட்டர்னி ஜெனரல் ஒரு விளக்கம் தந்தார். படுகையையும் கரையையும் தொடாமல் மிதந்தால் குற்றமாகாது என்பது அதன் சாரம். மலையாற்றில் பாறையைத் தொடாமல் போவது எப்படி என்று சட்டம் சொல்லவில்லை. ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்போம். கொலராடோவில் இரண்டு காலையும் படகிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

வடக்கே மொன்டானா வேறு வழியில் போனது. 1984இல் இரண்டு வழக்குகளில் அங்குள்ள உச்ச நீதிமன்றம், பொழுதுபோக்குக்குப் பயன்படக்கூடிய நீரோட்டம் எதுவும் மக்களுக்குத் திறந்தது, படுகை யாருடையதானாலும் சரி என்றது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. சாதாரணமாக வெள்ளம் ஏறும் கோடுவரை நடக்கலாம், நிற்கலாம், தடையைச் சுற்றிப் படகைத் தூக்கிப் போகலாம். அந்தக் கோட்டைத் தாண்டித் தனியார் நிலத்தைக் கடந்து ஆற்றுக்கு வரும் உரிமை கிடையாது. ஆக, ஆறு முழுக்க உங்களுடையது, வரும் வழி மட்டும் இல்லை.

அப்போது எல்லோருடைய கண்ணும் பாலத்தின் மேல் விழுந்தது. பொதுச் சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில் சாலையின் ஓரம் பொது, கீழே ஆறும் பொது. நடுவில் நிலக்காரரின் முள்வேலி பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு வந்து கட்டப்பட்டிருக்கும். அந்த வேலியைத் தாண்டலாமா என்பதைச் சொல்ல 2009இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ரூபி ஆற்றுப் பாலங்களைப் பற்றிய வழக்கு 2014வரை இழுத்தது. பாலத்தின் வழியாக மக்கள் இறங்கலாம் என்று தீர்ப்பானது. சண்டையெல்லாம் நாலு முழ அகலத்துக்கு.

நியூ மெக்சிகோவில் வழக்கைக் கொண்டுபோனதே அடோபி ஒயிட்வாட்டர் கிளப் என்ற படகோட்டிகள் சங்கம்தான். ஆற்றின் சில பகுதிகளை ‘மக்கள் நுழையக் கூடாதவை’ என்று சான்றிதழ் வாங்கி அடைக்க நிலக்காரர்களுக்கு வழிசெய்த விதிகளை 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. தனியார் படுகையிலும் மக்கள் நடக்கலாம் என்றது. அதே மூச்சில், ஆற்றை அடையத் தனியார் நிலத்தைக் கடப்பதற்கு இது அனுமதியில்லை என்றும் சொன்னது. தாராளமான தீர்ப்புகள்கூடக் கரையோடு நின்றுவிடுவதைக் கவனிக்கலாம்.

இங்கிலாந்தில் நிலைமை இன்னும் இறுக்கம். கடலின் ஏற்றவற்றம் எட்டாத ஆறுகளில் படுகை இருகரை நிலக்காரருக்கும் நடுக்கோடுவரை சொந்தம். படகுப் போக்குவரத்து உரிமை சட்டத்தாலோ பழக்கத்தாலோ நிலைநாட்டப்பட்டிருந்தால் ஒழிய, மக்களுக்கு அங்கே படகு விட உரிமையில்லை. சந்தேகமில்லாத பொது உரிமை உள்ள ஆற்று நீளம் நூற்றுக்கு நான்கு பங்குதான் என்று அந்நாட்டுத் துடுப்புப் படகுச் சங்கமான பேடில் யுகே சொல்லிவருகிறது. 2000ஆம் ஆண்டு வந்த நாட்டுப்புற உரிமைச் சட்டம் மலையையும் மேட்டுக்காட்டையும் நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. அந்த உரிமை எதற்கெல்லாம் செல்லாது என்ற அட்டவணையில், உள்நாட்டு நீரில் படகு விடுவது ஓரிடம் பிடித்திருக்கிறது. குளிப்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது.

மீன்பிடிப்பவர்கள் தூண்டிலுக்குப் பணம் கட்டுகிறவர்கள். ஆற்றோரத் தூண்டில் உரிமை அங்கே விற்பனைப் பொருள். அதனால் படகோட்டிகளுக்கும் அவர்களுக்கும் ஓயாத உரசல். சில ஆறுகளில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். டெவன் பகுதியின் டார்ட் ஆற்றில் அக்டோபர் முதல் மார்ச் முடிய, தூண்டில் சீசன் முடிந்த குளிர்மாதங்களில், நியூபிரிட்ஜ் பாலத்தருகே இறங்கிப் படகு விடுவது வழக்கமானது. மழையும் அப்போதுதான் என்பதால் படகோட்டிகளுக்கும் நட்டமில்லை. வேறு ஆறுகளில், ஒப்பந்தம் போடுவதே உரிமையில்லை என்று ஒத்துக்கொள்வதாகும் என்று படகோட்டிகளில் ஒரு சாரார் கையெழுத்துப் போட மறுத்தார்கள். டக்ளஸ் கேஃபின் என்ற மதகுரு ஓய்வுக் காலத்தில் ஆய்வேடு எழுதி, படகு மிதக்கக்கூடிய எல்லா ஆற்றிலும் இடைக்காலத்திலிருந்தே பொது உரிமை இருந்தது என்று வாதிட்டார். ஆறுகளிலிருந்து மீன் தடுப்புகளை அகற்றச் சொல்லும் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா விதியும் அவர் பக்கச் சான்று. நிலக்காரர் தரப்பு அதை ஏற்கவில்லை.

எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்கு வந்தால் கதை மாறுகிறது. ஸ்பே ஆற்றில் கேனோப் பள்ளி ஒன்று பிள்ளைகளை அழைத்துப் போனதைக் கரையோர எஸ்டேட் எதிர்த்தது. 1976இல் பிரபுக்கள் சபை பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. காரணம் மரக்கட்டைகள்! பழைய காலத்தில் ஸ்பே பள்ளத்தாக்கின் காடுகளில் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கடல்வரை கொண்டுபோனார்கள். அந்தப் பழக்கத்தால் பொதுப் போக்குவரத்து உரிமை உண்டானது. மர வணிகம் போய்விட்டாலும் உரிமை போகவில்லை. கட்டை ஓட்டியவர்கள் அறியாமல் விட்டுப்போன சொத்தில் இன்றைய பிள்ளைகள் துடுப்புப் போடுகிறார்கள். 2003இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, மோட்டார் இல்லாத படகுக்கு ஆறும் ஏரியும் திறந்தன, அவற்றை அடையும் நிலமும் திறந்தது. நான் மேலே சொன்ன சட்டங்களில் கரையோடு நிற்காமல் கரையையும் சேர்த்துக்கொண்டது இது ஒன்றுதான். பொறுப்போடு நடந்துகொள் என்ற நிபந்தனை மட்டும் உண்டு. வீட்டு முற்றத்தையோ விளைந்த பயிரையோ மிதித்துப் போகக் கூடாது.

இந்தியாவில் இந்தத் தனியார் படுகைச் சண்டை அவ்வளவாக இல்லை. ஆறு அரசுடையது, கரையில் பெரும்பகுதி ஆற்றுப் புறம்போக்கு அல்லது வனத்துறை நிலம். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், பியாஸ் நதியின் போக்கைத் திருப்பிவிட்ட மணாலி அருகேயுள்ள சொகுசு விடுதியின் வன நிலக் குத்தகையை ரத்து செய்தது. ஆறு, கரை, காடு எல்லாம் மக்களுக்காக அரசிடம் ஒப்படைக்கப்பட்ட அறக்கட்டளைச் சொத்து என்ற கோட்பாடு நம் சட்டத்துக்குள் வந்தது அந்தத் தீர்ப்பில்தான். அதே பியாஸில் கொஞ்சம் கீழே, குல்லுவில் ராஃப்ட்டுகள் இறங்குகின்றன.

ஆனால் பொதுச் சொத்து என்றால் யார் வேண்டுமானாலும் கடைவிரிக்கலாம் என்ற பொருளும் நம் ஊரில் உண்டு. ரிஷிகேஷுக்கு மேலே கங்கையின் மணல்திட்டுகள் கூடார முகாம்களால் நிறைந்தன. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆற்றோர முகாம்களைத் தடுத்தது, ராஃப்டிங்கைத் தொடரவிட்டது. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் ராஃப்டிங்கையே நிறுத்தி, முதலில் முறையான கொள்கை வகுக்கச் சொன்னது. நல்ல சீசனில் பிழைப்பு நின்றதென்று வழிகாட்டிகள் புலம்பினார்கள். விதிமுறைகளோடு தொழில் மீண்டும் தொடங்கியது. நீதிமன்றத்தின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். நுரையில் போகும் படகால் கங்கைக்குப் பெரிய கேடில்லை. கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் இல்லாத துறையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினால் கேடுதான். பிரம்மபுரி, சிவபுரி என்று விரல்விட்டு எண்ணும் துறைகளில் எல்லோரும் குவிய, யாத்திரைக்குப் போகும் பேருந்தும் அந்த ஜீப்புகளுக்குப் பின்னால் நிற்கிறது.

நமக்குப் பக்கத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் கோடஞ்சேரி. 2013 முதல் மலபார் நதித் திருவிழா என்ற பெயரில் கயாக் போட்டிகள் நடக்கும் இடம். சாலிப்புழையும் இருவஞ்சிப்புழையும் தென்மேற்குப் பருவமழையில் மட்டும் பொங்கும் சின்ன ஆறுகள். இருபுறமும் தோட்டங்கள், வீடுகள். மழை நாளில் ஊரே குடைபிடித்துக் கரையில் நிற்கும்.

துறை என்பது இடமாக இருந்தால் மட்டும் போதாது, தண்ணீர் வரும் நேரமாகவும் இருக்க வேண்டும். ஒகேனக்கல்லில் காவிரியில் நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். துறை அங்கேயே இருக்கும், மூடியிருக்கும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கோலி ஆற்றுக்கு சம்மர்ஸ்வில் அணையின் காலடிதான் இறங்குதுறை. வெள்ளத் தடுப்புக்காக 1966இல் கட்டிய அணை. இலையுதிர் காலத்தில் ஏரியைத் தாழ்த்தத் திறந்துவிடும் நீரில் படகு விட ஆரம்பித்தார்கள்; 1986இல் அதைப் படகோட்டிகளுக்காகவே திறக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. செப்டம்பர், அக்டோபரில் 22 நாட்கள். அந்த நாட்களில் எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வந்து குவியும். இலங்கையின் கித்துல்கலயிலும் அணையின் தயவுதான். மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனியாகும் இடத்தருகே பொல்பிட்டிய மின்நிலையம் விடும் நீரே அங்குள்ள ராஃப்ட்டுகளைத் தூக்கிவந்தது. அதை ஒட்டி 35 மெகாவாட் பிராட்லண்ட்ஸ் திட்டம் வந்தபோது ராஃப்டிங்கை நம்பிய குடும்பங்கள் பதறியதில் வியப்பில்லை. துறைக்குச் சாலை இருக்கிறது, படி இருக்கிறது. சாவி அணைக்கதவில் இருக்கிறது.

துறையைத் திறந்துவிடு என்று சொல்வோர் பேச விரும்பாத செய்தி ஒன்றும் உண்டு. 2004இல் நியூசிலாந்தின் தென்தீவு ஆறொன்றில் டிடிமோ என்ற பாசி தென்பட்டது. பாறைமேல் பழுப்புக் கம்பளிபோலப் படரும் இந்த வடபுலத்துப் பாசி, ஒரு சொட்டு நீரில் ஒட்டிக்கொண்டே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். கயாக், தூண்டில்காரரின் காலணி, ஈரமான உடுப்பு எதிலும் வரலாம். அதன்பின் அந்நாட்டுத் துறைகளில், படகைப் பார், கழுவு, உலர்த்து என்ற பலகைகள் நிற்கின்றன. மீன் முட்டையிடும் சரளைமேட்டில் படகை இழுத்து ஏற்றாதே என்று மீன்பிடிப்பவர்கள் சொல்வதும் வெறும் பொறாமைப் பேச்சில்லை.

துறையே இடம் மாறுவதும் உண்டு. கொலராடோ ஆற்றில் டயமண்ட் கிரீக்கைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அடுத்த ஏறுதுறை பியர்ஸ் ஃபெர்ரி, லீஸ் ஃபெர்ரியிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். ஹூவர் அணைக்குப் பின்னால் 1930களில் நிரம்பிய மீட் ஏரி முன்பு இந்த இடம்வரை எட்டியிருந்தது. 2000க்குப் பிறகு ஏரி வற்ற வற்ற, தண்ணீர் துறையைவிட்டு விலகிப் போனது. சில ஆண்டுகள் ஏரிக்குள் இன்னும் கீழே சௌத் கோவ்வரை படகை ஓட்டிப் போக வேண்டியிருந்தது. பிறகு ஆற்றோரமாகவே புதுத் துறை போட்டார்கள். இதற்குள் ஆறு தன் வேலையைச் செய்திருந்தது. ஏரி படியவைத்திருந்த வண்டலை அறுத்துக்கொண்டு இறங்கியபோது, அணைக்கு முந்தைய பழைய படுகை அதற்கு அகப்படவில்லை. பக்கத்தில் புதைந்திருந்த கெட்டிப் பாறை முகட்டின் மேல் விழுந்தது. யாரும் கேள்விப்படாத ஒரு ரேபிட், அதாவது பாறைமேல் நுரைத்துச் சீறும் ஓட்டம், புதிதாகப் பிறந்தது. அனுபவசாலிகளே ஒதுங்கிப் போகும் ரேபிட். புதுத் துறை அதற்குச் சற்று மேலே இருக்கிறது. இரண்டு வாரம் பள்ளத்தாக்கில் மிதந்து, வெயிலில் காய்ந்து, அரைத் தூக்கத்தில் வருகிறவர்கள் அந்த வளைவில் எழுந்து உட்கார்ந்து, இடது கரையைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.